பார்ட்டி – ஒருசொல் பலபொருள்

ஆண்டு மலர்களின் பின்பக்கங்களில் ஆங்கிலச் சொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்கள் என்று ஒரு பட்டியல் போடுவது நம்மவர் வழக்கம். இடப்பக்கம் ஆங்கிலம், நடுவில் ஒரு கோடு, வலப்பக்கம் தமிழ். பஸ் – பேருந்து. டீ – தேநீர். பார்ட்டி – விருந்து. பட்டியல் போடுகிறவர்களின் தமிழ்ப்பற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. பஸ்ஸுக்கும் டீக்கும் அந்த முறை சரிதான். சென்னையிலும் பஸ் பஸ்தான், சுள்ளிக்கல்லிலும் பஸ் பஸ்தான். ஆனால் பார்ட்டி என்ற சொல்லை ஒரு கோடு போட்டு விருந்துக்கு நேரே நிறுத்திவிட்டால், அந்தச் சொல்லின் முக்கால் பங்கு கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. அந்த முக்கால் பங்கு என்ன, அதை விட்டுவிடுவதால் கொச்சியில் பிழைக்க வந்த தமிழருக்கு என்ன நட்டம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலை பத்து மணிக்கு நின்று காதைக் கொடுத்தால் போதும். ‘பார்ட்டிக்கு லோடு போயாச்சா?’ ‘பார்ட்டி பேமெண்ட் போடல.’ ‘அந்தப் பார்ட்டி கொஞ்சம் இழுக்கும், பாத்துக் குடு.’ இங்கே விருந்தும் இல்லை, அரசியலும் இல்லை. சரக்கு வாங்குகிறவரும் பார்ட்டி, விற்கிறவரும் பார்ட்டி. ஆரணியிலிருந்து எனக்கு அரிசி அனுப்பும் மில்காரர் எனக்குப் பார்ட்டி. அவர் கணக்கில் நான் பார்ட்டி. இன்றைக்குக் கடைக்குக் கடை கம்ப்யூட்டரில் ஓடும் டாலி மென்பொருளில் விற்பனைச் சீட்டைத் திறந்தாலும், பார்ட்டி கணக்கின் பெயர் என்ன என்றுதான் முதலில் கேட்கிறது. ‘பழைய பார்ட்டி’, ‘ரன்னிங் பார்ட்டி’, ‘கேஷ் பார்ட்டி’ என்று இதற்குள்ளேயே கிளைகள் வேறு. (கேஷ் என்று சொன்னதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆங்கில அகராதிகளில் கேஷ் என்பது இரண்டு தனிச் சொல். ரொக்கம் என்ற பொருளுள்ளது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; கீழ்நாட்டுச் சிறு நாணயத்தைக் குறிப்பது நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. எழுத்து ஒன்று, சொல் இரண்டு. இந்த வேறுபாடு பின்னால் உதவும்.)

கடையை விட்டுத் தெருவுக்கு வந்தால் பார்ட்டி வெறும் ஆளாகிவிடுகிறது. ‘பார்ட்டி உஷாரு’, ‘அது ஒரு மாதிரி பார்ட்டி’, ‘பார்ட்டி எங்க, ரெண்டு நாளா காணல?’ இதைப் பண்பாடற்ற பேச்சு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இங்கிலாந்திலும் சுளித்தார்கள். கான்டர்பரி பேராலயத்தின் டீனாக இருந்த ஹென்றி ஆல்ஃபோர்டு 1864இல் அரசியின் ஆங்கிலத்துக்காக வாதாடி ஒரு நூல் வெளியிட்டார். ஓர் ஆளைப் பார்ட்டி என்று சொல்வது மிகவும் அருவருப்பானது என்பது அவர் கட்சி. ஆனால் அவருக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட் நாடகத்தில், மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில், அந்தப் பார்ட்டியிடம் என்னைக் கூட்டிப்போவாயா என்ற கருத்தில் குடிகாரன் ஸ்டெஃபானோ கேட்கிறான். பார்ட்டி யார் என்றால், அவர்கள் கொல்லத் திட்டமிட்ட பிராஸ்பெரோ. ஆகவே நம் பஜார் வழக்கு கெட்டுப்போன வழக்கு அல்ல, பழைய வழக்கு. கொச்சிப் பேச்சு என்று எதையும் தள்ளுமுன் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இனிச் சொல்லின் வழியைப் பார்ப்போம். பிரிப்பது, பங்கிடுவது என்ற பொருளுள்ள லத்தீன் வினையடியிலிருந்து பிரெஞ்சில் பார்ட்டீ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது இது. முதலில் பங்கு, பிறகு பக்கம், பிறகு ஒரு பக்கத்தில் நிற்பவர். வழக்கில் இரண்டு பக்கம் உண்டாகையால் வழக்காளிகள் பார்ட்டி. ஆட்சியில் பக்கம் பிரிந்தபோது அரசியல் கூட்டம் பார்ட்டி. படையிலிருந்து பிரித்து அனுப்பிய சிறு அணி பார்ட்டி. சேர்ந்து பயணம் போகிற கூட்டம் பார்ட்டி. கூட்டம் கூடிக் களிப்பது என்ற பொருள் எல்லாவற்றுக்கும் பின்னால், பதினெட்டாம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. கடைசியாக வந்த கடைக்குட்டியைத்தான் நம் பட்டியல்காரர்கள் தலைப்பிள்ளையாக்கி ‘விருந்து’ என்று எழுதிவிட்டார்கள்.

அதுவும் முழுப் பொருத்தமில்லை. கல்யாணப் பந்தியை யாரும் பார்ட்டி என்று சொல்வதில்லை. ‘பையனுக்கு வேலை கிடைச்சிருக்கு, பார்ட்டி எப்போ?’ என்றால் அதில் கொடுக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் நண்பர்கள், வீட்டுப் பெரியவர்களுக்கு அதில் இடமில்லை, கோப்பையும் இருக்கலாம். விருந்து என்ற சொல்லுக்கு இந்த நிறம் கிடையாது. (பொழுது சாய்ந்தபின் உண்ணாத சமணன் என்பதால் என்னை எந்தப் பார்ட்டிக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. ஆகவே இது கேள்விஞானம்.)

இருந்தாலும் பார்ட்டியையும் விருந்தையும் இணைத்தவர்கள் தம்மை அறியாமலே ஒரு நுட்பமான இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். விருந்து என்ற சொல்லின் முதற்பொருள் உணவு அன்று, புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டு வனப்புகளுள் ஒன்றாக விருந்தைச் சொல்வது இந்தப் பொருளில்தான். புதுமை, புதிதாக வந்தவரைக் குறித்தது. பிறகு அவருக்கு இடும் சோற்றைக் குறித்தது. பார்ட்டி ‘பக்க’த்தில் தொடங்கி, ஆளாகி, ஆட்கள் கூடுவதாகி, கூடி உண்பதாயிற்று. ஒன்று கிழக்கே புறப்பட்டது, மற்றது மேற்கே புறப்பட்டது. ஒரு பந்தியில் இரண்டும் சந்தித்தன. சந்தித்த இடம் ஒன்று என்பதால் வந்த வழியும் ஒன்றாகிவிடாது.

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் இன்னொரு நூற்பா இங்கே நோக்கத்தக்கது. பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களை அதில் வரிசையாகச் சொல்கிறார். அரசு, குழவி முதலானவை அவ்வரிசையில் உண்டு. அரசன் வந்தான், ஆனால் அரசு வந்தது. அதே வரிசையில் விருந்தும் இருக்கிறது, குழுவும் இருக்கிறது! பார்ட்டி என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு பெரிய பொருள்களுக்கு நேரான இரண்டு தமிழ்ச் சொல்லையும் அருகருகே வைத்து, இவை ஆளைக் குறித்தாலும் ‘அது’ என்றே முடியும் என்கிறார். நம் பஜார் இலக்கணமும் அதுதானே? ‘பார்ட்டி வந்துச்சு’, ‘பார்ட்டி சொல்லுச்சு’, ‘பார்ட்டி ஏமாத்திடுச்சு’. இலக்கணம் படிக்காத சுமட்டுத் தொழிலாளியும் இந்த விதியை மீறுவதில்லை.

ஏன் இந்த ‘அது’ தேவைப்படுகிறது? தமிழில் முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே அவனா, அவரா, அவளா, அவங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். வயசு, சாதி, பணம் எல்லாம் அந்த ஒரு விகுதியில் வந்துவிடும். வியாபாரத்தில் அதைத் தள்ளிப்போட வேண்டிய சமயம் நிறைய. மட்டாஞ்சேரியில் குஜராத்தி சேட்டும் கச்சி மேமனும் கொங்கணியும் தமிழனும் மலையாளியும் ஒரே தெருவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். ‘பார்ட்டி’ என்றால் எவரையும் உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை. அந்தக் காலத்துப் பேரேடுகளில் பெயரோடு ஊரும் சாதிப் பட்டமும் சேர்ந்தே இருக்கும். பார்ட்டி என்ற சொல் அதைத் துடைத்துவிட்டது.

இதற்குமுன் இந்த வேலையைச் செய்த சொற்களும் ஆபீசிலிருந்தும் கணக்குப் புத்தகத்திலிருந்தும் வந்தவைதாம். ஆசாமி என்பது பெயர்கள் என்று பொருள்படும் அரபிச் சொல். நிலவரி ஆவணங்களில் குடியானவனையும் கோர்ட்டில் பிரதிவாதியையும் குறித்து, தமிழில் வெறும் ஆளானது. நபரும் அரபிதான். பேர்வழி என்பது பெயர்ப் பட்டியல் வழியாக வந்தது. கிராக்கி இந்தி வழி வந்த வாடிக்கை. சென்னை ரிக்‌ஷாக்காரர் வாயில் சவாரிக்கு வரும் ஆள், கோபம் வந்தால் வசவு. ஆனால் ஆசாமியும் பேர்வழியும் பெரும்பாலும் ஆண்பால்; ‘ஆசாமி வந்தான்’ என்றுதான் முடியும். கிராக்கி மரியாதைக் குறைவு. பெண்ணுக்கும் ஆணுக்கும் கம்பெனிக்கும் ஒன்றாகப் பொருந்தி, வசவாகாமல் நிற்பது பார்ட்டி ஒன்றே. அதனால்தான் அது நிலைத்தது. தமிழில் சொல் இல்லாமல் போனதால் வந்த கடன் என்று இதைச் சொல்ல மாட்டேன். தமிழில் இருந்த தேவைக்கு வந்த கடன்.

இனி அரசியல். இங்கேதான் வாளையாறு தாண்டியதும் சொல் நிறம் மாறுகிறது. தமிழ்நாட்டில் அரசியல் கூட்டத்துக்குக் கட்சி என்ற சொல் வலுவாக இருப்பதால் பார்ட்டி அந்த வேலைக்குப் போகவில்லை. ஜஸ்டிஸ் பார்ட்டி நீதிக்கட்சி ஆயிற்று. அது 1944இல் சேலத்தில் திராவிடர் கழகமாகி, 1949இல் தி.மு.க. பிறந்தபின் கழகம் என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. கேரளத்தில் கக்ஷி என்ற சொல் இருந்தும் பார்ட்டிதான் நாட்டு வழக்கு. அதிலும் அடைமொழி இல்லாமல் ‘பார்ட்டி’ என்றால் ஒன்றே ஒன்றுதான், கம்யூனிஸ்ட் பார்ட்டி. மற்றவர்களுக்குப் பெயர் வேண்டும்: காங்கிரஸ், லீக். இவர்களுக்கு வேண்டாம். பார்ட்டி ஆபீஸ், பார்ட்டி பத்திரம், பார்ட்டி கிராமம், பார்ட்டிக்காரன். 1957 ஏப்ரல் 5இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சரானதற்கு முன்பே இவ்வூருக்கு இந்தச் சொல் பழக்கம். 1953 செப்டம்பர் 15இல் மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளர்கள் சாப்பா முறையை எதிர்த்து நடத்திய போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வேலைக்கான டோக்கனைக் கூட்டத்தில் வீசி எறிந்து, பாய்ந்து பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை என்ற முறை அது. அந்தப் போராட்டத்தைக் கண்ட ஊரில் பார்ட்டி, யூனியன் என்ற சொற்களுக்கு உள்ள கனம் ஆரணியிலோ வந்தவாசியிலோ இராது.

எங்கள் கடைக்கு ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவனிடம், ‘நாலு மணிக்குப் பார்ட்டிக்காரர் வரும்’ என்று அடுத்த கடை மலையாளி சொல்லிவிட்டுப் போனார். பையன் நாலு சாம்பிள் மூட்டையைப் பிரித்து வைத்து, பழம்பொரியும் சாயாவும் சொல்லிவிட்டு, வாசலில் நின்றான். வந்தவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு பிரிவுக்கு வந்தவர்கள். நல்லவேளை, பழம்பொரி வீணாகவில்லை. ‘பிரிவு’ என்றால் இங்கே நன்கொடை வசூல் என்பதை அன்று மாலைதான் அவன் தெரிந்துகொண்டான்.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை. நம் அரசியல் சட்டத்தில் அரசியல் கட்சி என்ற சொல்லே முதலில் இல்லை. 1985இல் 52ஆம் திருத்தமாகக் கட்சித்தாவல் தடைக்கென்று பத்தாவது அட்டவணை வந்தபோதுதான் அது உள்ளே நுழைந்தது. கட்சி இல்லாமல் எழுதிய சட்டத்தின்கீழ் முப்பத்தைந்து ஆண்டுகள் கட்சிகளே ஆண்டன.

கட்சி என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதுவும் ஒருசொல் பலபொருள்தான். வக்கீலிடம் வழக்குக் கொடுத்தவர் அவருடைய கட்சிக்காரர். தலைவருக்காகக் கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர். தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகை லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று பாடுவது எரிந்த கட்சி, எரியவில்லை என்பது எரியாத கட்சி. வழக்கு, வாதம், அரசியல் மூன்றிலும் ‘ஒரு பக்கம்’ என்பதே அடிப்படை. பார்ட்டியின் முதற்பொருளும் இதுவே. மலையாளத்தில் கக்ஷி இன்னும் ஒருபடி மேலே போய், ‘ஆ கக்ஷி ஆரா?’ என்று கேட்கையில் வெறும் ஆளாகவும் ஆகிறது. நம்முடைய ‘அந்தப் பார்ட்டி யாரு?’ என்பதன் அச்சு. பங்கு என்ற கருத்தில் பிறந்த பிரெஞ்சுச் சொல்லும், பக்கம் என்ற கருத்தில் பிறந்த வடசொல்லும் சொல்லிவைத்தாற்போல் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. பட்சபாதம் என்றால் ஒரு பக்கமாகச் சாய்வது. ஆங்கிலத்தில் அதற்குரிய சொல்லும் பங்கு என்ற அடியில் பிறந்ததே.

சிலர், பழந்தமிழில் கட்சி என்றால் பறவை தங்குமிடம், காடு என்ற பொருள் உண்டு. ஆகவே அரசியல் கட்சியும் ஒரு கூடுதான், தூய தமிழ்தான் என்று எழுதுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. நான் ஒப்பமாட்டேன். வேட்டுவர் திரியும் கட்சி வேறு, வழக்கில் நிற்கும் கட்சி வேறு. மேலே கேஷ் பற்றிச் சொன்னதுபோல் எழுத்து ஒன்று, சொல் இரண்டு. ஒரு சொல் பல பொருள் கொள்வதும், பல சொற்கள் ஒரே உருவில் வந்து நிற்பதும் ஒன்றன்று. இதைக் கலந்தால் எந்தச் சொல்லிலிருந்தும் எதையும் பிறப்பிக்கலாம்.

சரி, இத்தனை பொருளும் ஒரு சொல்லில் இருக்கும்போது மக்கள் தடுமாறாமல் எப்படிப் பேசுகிறார்கள்? தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பகுக்கிறார். வினை வேறுபடுவது ஒன்று, வேறுபடாதது ஒன்று. முதல் வகையில் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியும். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. அதே தராசில் பார்ட்டியை வைத்துப் பாருங்கள். ‘பார்ட்டி வச்சான்’ என்றால் விருந்து. ‘பார்ட்டி செக் குடுத்துச்சு’ என்றால் வாடிக்கை. இது வினையால் தெளிவது. ‘பார்ட்டியும் புரோக்கரும்’, ‘பார்ட்டியும் யூனியனும்’, ‘பார்ட்டியும் டான்ஸும்’ – பக்கத்தில் நிற்கும் இனம் பொருளைக் காட்டிவிடுகிறது. பஜார் ரோட்டில் ஒரு பொருள், தோப்பும்படி ஜங்ஷனில் கொடிமரத்தடியில் ஒரு பொருள், இது சார்பு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய விதி அரிசி மண்டிக்குப் போதுமானதாக இருக்கிறது.

இரண்டாம் வகைதான் ஆபத்து. வினை கைவிட்ட இடத்தில் பேசுகிறவன் பொருளைக் கிளந்து, அதாவது வெளிப்படையாக விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது விதி. ‘பார்ட்டி வருது’, ‘பார்ட்டி இருக்கு’ என்பவை இந்த வகை. நம் கடைப் பையன் விழுந்த குழியும் இதுதான். பேச்சில் இது பழம்பொரியோடு போய்விடும். பத்திரத்தில் அப்படியில்லை.

சுள்ளிக்கல்லில் இஸ்திரிக் கடை வைக்க ஓர் அறை வாடகைக்கு எடுத்த தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர், மலையாளத்தில் எழுதிய பதினொரு மாத ஒப்பந்தத்தோடு என்னிடம் வந்தார். ‘அண்ணாச்சி, நான் எந்தக் கட்சியிலயும் கெடையாது. என்னைய எதுக்கு ரெண்டாம் கட்சின்னு எழுதிருக்காவ? நாளைக்கு ஏதும் வம்பு வந்துராதுல்லா?’ என்றார். நான் சிரித்துவிட்டு, வீட்டுக்காரர் ஒன்றாம் கக்ஷி, நீங்கள் இரண்டாம் கக்ஷி, தரப்பு என்று அர்த்தம் என்று விளக்கினேன். அவர் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது உள்ளே படித்தபோதுதான் தெரிந்தது. முதல் இரண்டு பத்தியில் ஒன்றாம், இரண்டாம் என்று ஒழுங்காக வந்த சொல், பழுது பார்க்கும் செலவு வரும் இடத்தில் ‘மேற்படி கக்ஷி’ என்று மட்டும் நின்றது. எந்தக் கக்ஷி? மேலே இரண்டு பேரும் இருக்கிறார்கள். ‘ஏற்க வேண்டும்’ என்ற வினை இரண்டு பேருக்கும் பொருந்தும். இதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எழுதியவர், வழக்கமான வாசகம்தான், மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாராம். இவரும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மழையில் கூரை ஓடு மாற்றிய செலவு என்று காலி செய்யும்போது முன்பணத்தில் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். இஸ்திரிக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை.

இன்ஷூரன்ஸிலும் இதே கதை. தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் என்று எல்லோரும் சொல்கிறோம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 11ஆம் அத்தியாயம் அதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் தர்ட் பார்ட்டி யார் என்று பத்து டிரைவரைக் கேளுங்கள். ‘கம்பெனி’ என்பார்கள், ‘ஏஜெண்ட்’ என்பார்கள். ஒப்பந்தத்தில் முதல் தரப்பு வண்டிக்காரர், இரண்டாம் தரப்பு காப்பீட்டுக் கம்பெனி. இந்த இரண்டிலும் சேராத, ரோட்டில் போன வெளியாள்தான் மூன்றாவது. அடிபட்ட அவருக்குத்தான் பணமே தவிர நம் வண்டிக்கு ஒரு பைசா கிடையாது. 2018 செப்டம்பர் முதல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கும் காருக்கு மூன்று வருஷத்துக்கும் தர்ட் பார்ட்டி பாலிசி சேர்த்தே எடுக்க வேண்டும் என்று வந்தபின் குழப்பம் கூடிவிட்டது. ஐந்து வருஷம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற நினைப்பிலேயே, சொந்தச் சேதத்துக்கான பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்றாம் நபர் காப்பீடு என்ற தமிழாக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணைச் சொன்னவர்கள் எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் நம் பழைய நிகண்டுகாரர்களின் அருமை தெரிகிறது. சமணராகிய மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் உடையது. அதில் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருள். எளிதில் மனப்பாடமாக வேண்டும் என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை முறையில் அடுக்கிச் செய்தார். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் அதை உருப்போட்டார்கள். ஆறுமுக நாவலர் சைவராக இருந்தும் இச்சமண நூலை உரையோடு அச்சிட்டார். நிகண்டு ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கோடு போடவில்லை. ஒரு சொல்லைச் சொல்லி, அது எத்தனை பொருளைச் சுமக்கிறதோ அத்தனையையும் பக்கத்தில் வைத்தது. நல்லது கெட்டது பார்க்கவில்லை. வெளிச்சொல் என்று ஒதுக்கவும் நம் மரபில் கட்டளை இல்லை. பவணந்தியார் நன்னூலில் திசைச்சொல்லுக்கு இலக்கணம் சொல்லும்போது, பதினெட்டு மொழி நிலத்தில் தமிழ் நீங்கிய பதினேழிலிருந்தும் சொல் வரலாம் என்று வாசலைத் திறந்தே வைத்தார்.

நிகண்டிலும் குறை உண்டு. பொருள்களை அடுக்குமே தவிர எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று சொல்லாது. செய்யுளில் அதற்கு இடமில்லை. அந்தக் குறையைத் தீர்க்க உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் முதல் அத்தியாயத்தில் சொல்லும் நிக்ஷேப முறையைக் கையாளலாம் என்று தோன்றுகிறது. நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என்று ஒரு சொல்லை நான்கு நிலையில் வைத்துப் பார்ப்பது அம்முறை. இந்திரன் என்று பெயர் வைத்த பிள்ளை, இந்திரன் என்று நாட்டிய சிலை, இந்திரனாகப் போகிறவன், இப்போது இந்திரனாக இருப்பவன், நான்கு பேரும் ‘இந்திரன்’தான், ஒருவரல்லர். என் பேரேட்டில் பார்ட்டி என்று பெயர் மட்டும் கிடந்து சரக்கே எடுக்காதவர் நாமம். முதலாளிக்குப் பதில் கையெழுத்துப் போட வரும் குமாஸ்தா ஸ்தாபனை. ஆர்டர் தரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் திரவியம். இன்று பில் போட்டுப் பணம் கொடுக்கிறவர் பாவம். கடன் கொடுக்குமுன் இந்த நாலையும் பிரித்துப் பார்க்காத வியாபாரி சீக்கிரம் கடையைப் பூட்டுவார்.

ஆகவே அடுத்த மலரில் பட்டியல் போடுகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் பதிவு இப்படி இருக்கும். பார்ட்டி: பெயர்ச்சொல், திசைச்சொல், ஆளைக் குறித்தாலும் பெரும்பாலும் அஃறிணை முடிபு கொள்ளும். வியாபாரத்தில் கொள்வோர், கொடுப்போர் இருவரும். பேச்சில் ஓர் ஆள், சற்று ஏளனமாகவோ வியப்பாகவோ. நண்பர் குழாத்தில் ஒருவர் செலவில் நடக்கும் களியாட்டம். கல்யாண விருந்து ஆகாது. கேரளத்தில் அடையின்றி வந்தால் கம்யூனிஸ்ட் கட்சி. பத்திரத்திலும் சட்டத்திலும் தரப்பு, மலையாளத்தில் கக்ஷி, எண்ணோ பெயரோ சேராமல் வந்தால் கையெழுத்துப் போடுமுன் கேட்க. கடைசியாக ஒன்று: ஒட்டு வீடுகளுக்கு நடுவே இருவருக்கும் பொதுவான சுவரை ஆங்கிலத்தில் பார்ட்டி சுவர் என்பார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் செல்லும்படியாக 1996இல் அதற்கென்றே ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். நம் பத்திரங்களில் அது பொதுச்சுவர். சுள்ளிக்கல் சந்துகளில் வாடகைக்கு இருப்பவர்கள் ஆணி அடிக்குமுன் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

சங்கத்து இளைஞர்கள் சிலர், வாடகைக்கு வருகிற தமிழர்களுக்குக் கொடுக்க மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழிலும் மலையாளத்திலும் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதன் நகலை என்னிடம் காட்டினார்கள். ‘ஒன்றாம் கக்ஷி’, ‘இரண்டாம் கக்ஷி’ வருகிற எல்லா இடத்தையும் அடித்துவிட்டு, ‘வீட்டுக்காரர்’, ‘வாடகைக்காரர்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘மேற்படி’ என்ற சொல் பதினான்கு இடத்தில் இருந்தது. பன்னிரண்டை எடுத்தாயிற்று. மீதி இரண்டும் சர்வே எண்ணைப் பற்றியவை, அவை இருக்கட்டும்.